கணக்கில் வராத சீட்டு: புனோம் பென்னில் ஒரு தன்னார்வலரின் ஓராண்டு

2023 செப்டம்பர் முதல் வாரம் கம்போடியாவின் தலைநகர் புனோம் பென்னில் போய் இறங்கினேன். மறு வருடம் ஆகஸ்ட் கடைசியில் திரும்பினேன். சந்தையில் வியாபாரம் செய்யும் பெண்கள் நடத்தும் சேமிப்புக் குழுக்களுக்குக் கணக்கு எழுதப் பழக்குவது எனக்குக் கொடுத்த வேலை. திண்டுக்கல்லில் 11 வருடம் ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தவள் என்பதால், வேலை கஷ்டமாக இருக்காது, ஊர்தான் பழகவேண்டும் என்று எல்லாரும் சொல்லி அனுப்பினார்கள்.

தன்னார்வலர்கள் எழுதிக்கொடுக்கும் அறிக்கைகளில் வேலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். ஊர் பழகியதைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம். என் விஷயத்தில் அந்த ஒரு வரிக்குள்தான் எல்லாம் இருந்தது. முதல் நான்கு மாதம் நான் எழுதிய அறிக்கைகளில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரி, ஆனால் கணக்கே தப்பு. அது தப்பு என்று எனக்குத் தெரியவந்த கதை, ஒரு வீட்டுக்கார அம்மா என்னை என்ன முறை வைத்துக் கூப்பிட்டார் என்பதில் தொடங்குகிறது. நாட்குறிப்பையும் தினசரி செலவு நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஒரு வருடத்தைத் திரும்பப் பார்க்கிறேன்.

விலாசம்

எனக்கு அறை கிடைத்தது நகரின் தெற்கே துவோல் தொம்புங் பகுதியில். அங்கிருக்கும் சந்தையை வெளிநாட்டுக்காரர்கள் ரஷ்யச் சந்தை என்பார்கள். 1980களில் அந்த ஊரில் இருந்த ரஷ்யர்கள் அங்கே சாமான் வாங்கப் போனதால் வந்த பெயர்.

புனோம் பென்னில் தெருக்களுக்கு எண்தான் பெயர். ஒற்றைப்படை எண் தெருக்கள் வடக்கு தெற்காகப் போகும், ஆற்றங்கரையிலிருந்து மேற்கே போகப்போக எண் கூடும். இரட்டைப்படைத் தெருக்கள் கிழக்கு மேற்காகப் போகும், தெற்கே வர வர எண் கூடும். வரைபடம் இல்லாமலே எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். முதல் நாளே இதைப் படித்துவிட்டு ஊரே பிடிபட்டுவிட்டதாகச் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் வீட்டு எண்கள் அப்படி இல்லை. 12க்கு அடுத்து 47 இருக்கும், அதற்கடுத்து 3. என் வீட்டு எண்ணே எங்கள் தெருவில் இன்னொரு வீட்டிலும் ஒட்டியிருந்தது. இதற்கு ஒரு காரணம் உண்டு. 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை நகருக்குள் வந்து ஆட்சியைப் பிடித்ததும், சுமார் 20 லட்சம் பேரை ஒரு சில நாட்களில் கிராமங்களுக்கு விரட்டி ஊரையே காலி செய்தார்கள். 1979 ஜனவரி 7இல் அந்த ஆட்சி விழுந்த பிறகு மக்கள் திரும்பி வந்தபோது, முதலில் வந்தவர் எந்த வீட்டில் நுழைந்தாரோ அந்த வீடு அவருடையது. பழைய சொந்தக்காரர் உயிரோடு இல்லை, இருந்தாலும் கையில் பத்திரம் இல்லை. எண் வரிசை கலைந்தது அங்கிருந்துதான். ஆட்டோக்காரர்கள் எண்ணைக் கேட்பதே இல்லை. எந்த கோயில் பக்கம், எந்தச் சந்தைக்குப் பின்னால், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே என்றுதான் கேட்பார்கள். நம் ஊரில் நாம் வழி சொல்வது மாதிரியேதான்.

ஆனால் நான் செயலியில் ஆட்டோ பிடித்தேன். ஊரில் ஓடும் சின்ன ஆட்டோக்கள் நம் பஜாஜ் வண்டிகள்தான். தொடுதிரையில் புள்ளி வைத்தால் வண்டி வரும், ஏறி உட்கார்ந்தால் வாய் திறக்காமல் அலுவலகம் போய்ச் சேரலாம். முதல் ஆறு வாரம் அப்படித்தான் போனது. செலவு நோட்டைப் பார்த்தால் ஒவ்வொரு நாளும் இரண்டு ஆட்டோ, ஒரு காபிக்கடை. மாலையில் மற்ற வெளிநாட்டுத் தன்னார்வலர்களோடு சாப்பாடு. அவர்கள் நல்லவர்கள், இன்றும் நண்பர்கள். ஆனால் அந்த ஆறு வாரத்தில் கம்போடியர் ஒருவரோடு நான் பேசிய பேச்செல்லாம் அலுவலகப் பேச்சுதான், அதுவும் ஆங்கிலத்தில்.

சில்லறை

கணக்குப் படித்தவளுக்கு அந்த ஊர்ச் சில்லறை முதலில் தலைசுற்ற வைத்தது. டாலரும் ஓடும், உள்ளூர்ப் பணமான ரியெலும் ஓடும். ஒரே பொருளுக்கு இரண்டும் கலந்து கொடுக்கலாம். கெமர் ரூஜ் காலத்தில் பணம் என்பதையே ஒழித்து மத்திய வங்கிக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1980 மார்ச்சில்தான் ரியெல் திரும்ப வந்தது. 1992, 93இல் ஐ.நா. அமைதிப்படை வந்தபோது டாலர் ஊருக்குள் கொட்டியது, அப்படியே தங்கிவிட்டது. டாலர் நாணயம் புழக்கத்தில் இல்லை. அதனால் ஒரு டாலருக்குக் குறைந்த மீதி எல்லாம் ரியெலில்தான் வரும்.

கீரைக்காரம்மாவிடம் 6,500 ரியெலுக்குக் காய் வாங்கி 5 டாலர் நீட்டினால், 3 டாலரும் 1,500 ரியெலும் திரும்பி வரும். அவர் டாலரை 4,000 என்று எடுத்துக்கொண்டார். வங்கி விலை அப்போது 4,100ஐ ஒட்டி. அந்த நூறு ரியெல் வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை, மனசிலேயே கணக்குப் போட்டு ஒரு நொடியில் மீதி வந்துவிடும். ஆனால் டாலர் நோட்டில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தால் வாங்கமாட்டார்கள். அதே கிழிசலோடு ரியெல் நோட்டைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

எண்களை அந்த ஊர் மொழியான கெமரில் எண்ணப் பழகியது என் முதல் நல்ல காரியம். மூய், பீ, பெய், புவன், ப்ரம். ஒன்றிலிருந்து ஐந்து. ஆறுக்குத் தனிச்சொல் கிடையாது, ஐந்து ஒன்று: ப்ரம் மூய். ஏழு ஐந்து இரண்டு. ஒரு கையை மடக்கி அடுத்த கையில் தொடர்வது போல. வகுப்பில் ப்ரம் என்று அழுத்திச் சொல்லிக்கொடுத்தார்கள். சந்தையில் போய்ச் சொன்னால், புனோம் பென்காரர்கள் அந்த நடு ரகரத்தை விழுங்கி, குரலைக் கொஞ்சம் இறக்கி ஏற்றி, 'பெஅம்' என்பது மாதிரிச் சொல்கிறார்கள். ஒரு மாதம் எனக்கு ஐந்தே புரியவில்லை.

ஓம், மீங்

என் வீட்டுக்கார அம்மாவுக்கு அப்போது 60 வயது. கீழ்த்தளத்தில் மகளோடும் பேரனோடும் இருந்தார். வெளிநாட்டவர் எங்கே தங்கியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் குடிவரவுத் துறையின் செயலியில் பதியவேண்டும், அது இல்லாமல் 2020 ஜூலையிலிருந்து விசா நீட்டிப்பு கிடையாது. அந்தப் பதிவுக்காக நான் கீழே போய் நின்ற மாலையில்தான் முதல்முறை நிதானமாகப் பேசினோம். பேரன் செல்போனில் என் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா என் வயதைக் கேட்டார். கல்யாணம் ஆகிவிட்டதா என்றார். அப்புறம், "உங்க அம்மாவுக்கு எத்தனை வயசு?" என்றார்.

58 என்றேன். "அப்போ நான் உனக்கு ஓம்" என்று சொல்லிவிட்டுப் பேரனிடம் ஏதோ சொன்னார்.

கெமர் மொழியில் 'நான்', 'நீங்கள்' என்று பேசுவது குறைவு. எதிரில் இருப்பவர் தனக்கு என்ன முறை என்பதைப் பார்த்துத்தான் பேச்சே ஆரம்பிக்கும். மூத்தவர் போங், இளையவர் ஓன். பாட்டி யெய், தாத்தா தா. அம்மா அப்பாவைவிட மூத்த வயதுக்காரர் ஓம், இளையவராக இருந்தால் பெண்ணுக்கு மீங், ஆணுக்குப் பூ. அதாவது பெரியம்மா வேறு, சின்னம்மா வேறு. என்னோடு வந்த ஐரோப்பியத் தோழி இதை மனப்பாடம் செய்யத் திண்டாடினாள், அவள் மொழியில் அந்த இரண்டு பேருக்கும் ஒரே சொல். எனக்கோ அது பிறந்ததிலிருந்து தெரிந்த கணக்கு. வயதைக் கேட்கிறார்கள், கல்யாணத்தைக் கேட்கிறார்கள், 'எங்கே கிளம்பிட்டே?' என்று வழியில் நிறுத்திக் கேட்கிறார்கள், 'சோறு சாப்பிட்டாச்சா?' என்பதையே வணக்கமாகச் சொல்கிறார்கள் என்று பயிற்சி வகுப்பில் எங்களை எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். தனிமனித எல்லைகள் பற்றி ஒரு மணி நேரம் பாடம். அந்தப் பாடத்தை அப்படியே நம்பி, எங்கள் அம்மா கேட்கிற அதே கேள்விகளுக்கு ஆறு வாரம் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தேன் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அன்றிலிருந்து நான் அவருக்கு க்மூய். அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிள்ளைகளைச் சொல்கிற சொல் அது.

அமாவாசை

அக்டோபர் 13 முதல் 15 வரை ப்சும் பென் விடுமுறை. (ஊர்ப்பெயரில் வரும் பென் வேறு, அது ஒரு மூதாட்டியின் பெயர். இந்தப் பென் நம் 'பிண்டம்' என்ற சொல்லிலிருந்து வந்தது.) தேய்பிறையின் 15 நாளும் இறந்தவர்கள் பூமிக்கு வந்து தங்கள் பிள்ளைகள் சோறு வைக்கிறார்களா என்று கோயில் கோயிலாகத் தேடுவார்கள் என்பது நம்பிக்கை. அமாவாசையோடு முடியும். நாள்காட்டியைப் பார்த்தேன். அக்டோபர் 14, நமக்கு மகாளய அமாவாசை.

என் அப்பா போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. வீட்டில் தம்பி எள்ளும் தண்ணீரும் விடுவான், அம்மா விரதம் இருப்பாள். நான் இதைக் கீழே போய் ஓமிடம் பாதி கெமரில், பாதி பேரனின் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "காலைல 4 மணிக்கு ரெடியா இரு."

இருட்டில் கோயிலுக்கு நடந்தோம். தட்டில் பசையரிசிச் சோற்றை எள் சேர்த்துச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து வைத்திருந்தார். மெழுகுவத்தி, ஊதுபத்தி. வெறுங்காலோடு கூட்டம் சன்னதியைச் சுற்றி வந்தது. ஒவ்வொருவரும் ஓர் உருண்டையை எடுத்து இருட்டுக்குள் எறிந்தார்கள். வெளிச்சத்தில் வரமுடியாத, பசித்த ஆவிகளுக்காக அது. அவற்றுக்கு அங்கே பெயர் 'ப்ரெத்'. பிரேதம்தான். எறிந்துகொண்டே அவரவர் வீட்டு இறந்தவர்களின் பெயரை முணுமுணுத்தார்கள்.

ஓம் மூன்று பெயர் சொன்னார். திரும்பி வரும்போது பேரன்தான் விளக்கினான். 1975இல் ஊரை விட்டு நடக்கச் சொன்னபோது அவருக்கு 12 வயது. அவருடைய அப்பாவை 1977இல் ஓர் இரவு கூட்டிக்கொண்டு போனார்கள். எந்த நாள் இறந்தார், எங்கே என்று தெரியாது. திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை என்று எங்கள் ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஓமின் அப்பாவுக்கும் அதுவே நாள். தட்டில் கடைசியாக இரண்டு உருண்டை மிச்சம் இருந்தது. ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, "உங்க அப்பாவுக்கு" என்றார். நான் அப்பா பெயரைச் சத்தமாகவே சொல்லி எறிந்தேன்.

அந்த வாரத்துக்கு அப்புறம் செலவு நோட்டில் காபிக்கடை குறைகிறது. ஆட்டோவும் பாதியாகிறது. சந்தைக்கு ஓமோடு நடந்து போகத் தொடங்கினேன். போகிற இடமெல்லாம் அவர் என்னை 'என் க்மூய்' என்று சொல்லி அறிமுகப்படுத்தினார். சாப்பாடும் மெல்லப் பழகியது. சைவம் என்பதால் 'ஒட் சாச்' (இறைச்சி வேண்டாம்) என்று முதலில் கேட்பேன், குழம்பில் மீன்சாறும், ப்ரஹொக் என்ற புளித்த மீன் விழுதும் இருக்கத்தான் செய்யும், அது அவர்களுக்கு இறைச்சிக் கணக்கில் வராது. பகிர்ந்து சாப்பிடும் இலையிலிருந்து விலகி உட்கார எனக்கு மனசு வரவில்லை. துண்டை ஒதுக்கிவிட்டுச் சாறோடு சாப்பிட்டேன். இது என் முடிவு, எல்லாரும் இப்படிச் செய்யவேண்டும் என்று சொல்லமாட்டேன். காலையில் நும் பஞ்சொக் என்ற அரிசிச் சேவை கிடைத்த நாட்களில் ஊர் ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

கணக்கு எங்கே தப்பியது

நான் பார்த்த குழுக்களில் ஒன்றில் 18 பெண்கள். வாரம் ஆளுக்கு 20,000 ரியெல் கட்டவேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் மட்டும் பாதிப் பேர் கட்டமாட்டார்கள். மற்ற வாரங்களில் ஒழுங்காக வரும். எனக்கு முன்னால் இருந்தவர்களும் இதைக் கவனித்து, 'சேமிப்பு ஒழுக்கம் போதவில்லை' என்று எழுதி வைத்திருந்தார்கள். நானும் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு அறிக்கையில் அதையே எழுதினேன். பயிற்சி நடத்தினேன், படம் போட்டுக் காட்டினேன். கேட்டுக்கொண்டார்கள், தலையாட்டினார்கள். ஜனவரி முதல் வாரத்திலும் அதே கதை.

ஏன் கட்டவில்லை என்று நான் கேட்கும்போதெல்லாம் 'வியாபாரம் மந்தம்' என்றார்கள். கம்போடியாவில் நுண்கடன் நிறுவனங்கள் வீதிக்கு வீதி உண்டு, நிலப்பட்டாவை அடகு வைத்துக் கடன் வாங்கித் தவிக்கும் குடும்பங்கள் ஏராளம். நோட்டும் பேனாவுமாக வந்து 'யாருக்கு எவ்வளவு தரணும்?' என்று கேட்கிற ஆளிடம் அவர்கள் உண்மையைச் சொல்ல என்ன காரணம் இருக்கிறது? இன்னொன்றும் உண்டு. தன்னார்வலர் என்கிற ஆள் அந்த ஊருக்குப் புதிதே இல்லை. 1993 தேர்தலை நடத்த ஐ.நா. தன்னார்வலர்கள் வந்தார்கள், அதில் உயிரை விட்டவர்களும் உண்டு. அதற்குப் பிந்திய காலத்தில் இரண்டு வாரம் வந்து அநாதை இல்லத்துப் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பெருகினார்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றவர்களில் ஒருவராவது உயிரோடு இருந்தார்கள் என்பதுதான் கொடுமை. வருகிறவர்கள் போய்விடுவார்கள் என்பதைச் சந்தைக்காரர்கள் பார்த்துப் பழகியிருந்தார்கள்.

ஜனவரியில் ஒரு மத்தியானம், தேங்காய் விற்கும் மீங் ஒருவர் கடையில் ஓமோடு உட்கார்ந்திருந்தேன். அவர் அந்த 18 பேரில் ஒருவர். ஒரு பெண் வந்து அவரிடம் ரப்பர் பேண்டு போட்ட நோட்டுக்கட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். என்ன பணம் என்று நான் கேட்கவில்லை. ஓம்தான் சாதாரணமாகச் சொன்னார்: "தொங் தீன்."

டொன்டீன் என்ற பிரெஞ்சுச் சொல்லின் கெமர் வடிவம் அது. பத்து இருபது பேர் சேர்ந்து மாதா மாதம் பணம் போடுவார்கள். அவசரம் இருக்கிறவர் ஏலத்தில் அதிகம் விட்டுக்கொடுத்து மொத்தத்தையும் முதலில் எடுத்துக்கொள்வார். நடத்துகிறவருக்கு 'மே' என்று பெயர். மீங் சொல்லச் சொல்ல எனக்குச் சிலிர்த்தது. "இது எங்க ஊர்ல சீட்டு!" என்றேன். எங்கள் அம்மா என் காலேஜ் ஃபீஸைச் சீட்டு எடுத்துத்தான் கட்டினாள் என்று சொன்னேன். நடத்துகிறவர் ஊரை விட்டு ஓடிப்போனால் என்ன ஆகும் என்பதும் எங்கள் தெருவுக்குத் தெரியும் என்றேன். மீங் வாய்விட்டுச் சிரித்தார். இங்கேயும் ஓடுவார்களாம். அப்புறம் விரல்விட்டு எண்ணிக் காட்டினார்: 18 பேரில் 10 பேர் அவர் நடத்தும் தொங் தீனில் இருக்கிறார்கள். ஏலம் மாதம் 5ஆம் தேதி.

முதல் வாரம் பணம் வராததற்குக் காரணம் அவ்வளவுதான். அந்தப் பெண்கள் எங்களிடம் காட்டியதைவிட அதிகமாகவே சேமித்துக்கொண்டிருந்தார்கள். ஒழுக்கம் போதவில்லை என்று நாங்கள் எழுதியது அவர்களுக்குச் செய்த அநியாயம். என் நான்கு அறிக்கைகளையும் திருத்தி எழுதிக்கொடுத்தேன்.

தொங் தீனை ஊக்குவிக்கக்கூடாது, அதில் பணம் போகும் ஆபத்து உண்டு என்று அலுவலகத்தில் தயங்கினார்கள். ஆபத்து உண்மைதான். ஆனால் வேண்டாம் என்று சொன்னால் மறுபடி மறைப்பார்கள், வேறொன்றும் மாறாது என்பது என் வாதம். கடைசியில் இரண்டு மாற்றம் செய்தோம். முதல் வாரத்தில் வசூல் கிடையாது, மற்ற வாரங்களில் மட்டும். நோட்டில் ஒரு புதுப் பத்தி, விரும்புகிறவர்கள் தங்கள் தொங் தீன் தொகையை அதில் எழுதலாம். மார்ச்சில் நான்கு பேர் எழுதினார்கள், ஜூலையில் 13 பேர்.

பெயர்களை நான் கெமர் எழுத்தில் படிக்கப் பழகியதும் அதே மாதங்களில்தான். அவர்கள் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து பிறந்தது. தேதியோடு கிடைத்த மிகப் பழைய கெமர்க் கல்வெட்டு கி.பி. 611ஐச் சேர்ந்தது. வரிசை நமக்குத் தெரிந்த வரிசை, க-வில் தொடங்கி ங-வில் முடியும் முதல் வரி. சொற்களுக்கு இடையே இடம் விடாமல் எழுதுவார்கள், அதுதான் கஷ்டம். தேங்காய்க்கார மீங் தன் பெயரை எனக்கு எழுத்தெழுத்தாகப் பிரித்துக் காட்டினார்.

ஏப்ரல்

1955இல் லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர், அமெரிக்கா போய் வந்த 200 நார்வேக்காரர்களிடம் பேசி, வெளிநாட்டில் மனநிலை முதலில் மேலே இருந்து, நடுவில் இறங்கி, பிறகு ஏறும் என்று எழுதினார். பயிற்சியில் இதைப் பலகையில் வரைந்தார்கள், பார்க்க நம் 'ப' மாதிரி இருக்கும். மூன்றாவது மாதம் கஷ்டமாக இருக்கும், தயாராக இருங்கள் என்றார்கள். எனக்கு மூன்றாவது மாதம் அருமையாகப் போனது. நவம்பர் 26, திருக்கார்த்திகை. அன்றே அங்கே தண்ணீர்த் திருவிழா தொடங்கியது, தோன்லே சாப் ஆறு திசை மாறி ஓடும் காலத்தில் படகுப் போட்டி. அது நடப்பதும் அவர்கள் கார்த்திகை மாதப் பௌர்ணமியில்தான். ஆற்றங்கரையில் ஓமின் பேரனோடு நின்றேன்.

நான் விழுந்தது எட்டாவது மாதத்தில். அவர்களுக்கும் நமக்கும் புத்தாண்டு ஒன்றுதான், ஏப்ரல் நடு. ஊரே சொந்தக் கிராமங்களுக்குப் போய்விடும். ஓம் என்னைத் தகேவ் மாகாணத்தில் இருக்கும் தங்கள் ஊருக்குக் கூப்பிட்டார். அறிக்கை முடிக்கவேண்டும் என்று மறுத்துவிட்டேன். நான்கு நாள் கடைகள் எல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடந்தன. அந்த வருடம் ஏப்ரல் வெயில் கொடூரம். சித்திரை ஒன்றாம் தேதி மாங்காய் கிடைக்காமல், வேப்பம்பூ இல்லாமல், அறையில் மின்விசிறிக்குக் கீழே படுத்து அம்மாவுக்குப் போன் போட்டேன், பேச வாய் வரவில்லை. யாரும் இல்லாத ஊரில் வந்த தனிமை இல்லை அது. என்னைக் கூப்பிட்ட மனிதர்கள் இருந்தும் நான் போகாமல் இருந்ததால் வந்தது. திரும்பி வந்த ஓம் ஒரு பை நிறையப் பனங்கட்டியும் மாம்பழமும் கொடுத்தார். கோபம் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை. மே மாதம் அவரோடு அந்த ஊருக்குப் போனேன்.

அலுவலகத்துக்குக் கடைசி அறிக்கையில் சில யோசனைகள் எழுதினேன். தன்னார்வலரை வெளிநாட்டவர் குடியிருப்பில் வைக்காமல் ஒரு குடும்பத்தின் மாடியில் தங்க வைக்கவேண்டும் என்பது ஒன்று. முதல் இரண்டு மாதம் அறிக்கையே கேட்காதீர்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதை ஏற்கவில்லை, நன்கொடை கொடுப்பவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்களாம். எனக்கு அது இன்னும் உடன்பாடில்லை.

செப்டம்பரில் என் இடத்துக்கு ஒரு பையன் வந்தான், அதே அறைக்கு. அவனுக்காக மேஜையில் ஒரு தாள் விட்டுவந்தேன். அந்தக் குழுவின் ஏல நாள், கிழிந்த டாலரை மாற்றித் தரும் கடை, மழையில் எந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. முதல் வரியில், கீழ் வீட்டில் உன் அம்மாவின் வயதைக் கேட்பார்கள், சரியாகச் சொல் என்று எழுதியிருந்தேன். அவன் அம்மாவுக்கு 64 வயது. ஓம் அவனுக்கு மீங்.